துயரமும் கலையும்

காட்டிலே இணையாக இன்புற்றிருந்த இரு பறவைகளுள் ஒன்றை வேடன் ஒருவன் அம்பெய்து வீழ்த்தினான். மற்றொன்று கதறியது. அதைக் கண்ட வால்மீகி முனிவரின் உள்ளத்தில் பொங்கிய சோகமே சுலோகமாக வெளிப்பட்டது என்பது நாம் இளமை முதல் கேட்டுவரும் கதை. துயரத்திற்கும் கலைக்கும் உள்ள உறவை இதனினும் சுருங்கச் சொல்லிவிட முடியாது. ஆயினும் இக்கதையைக் கேட்ட சிலர், துயரம் வந்துற்றால் கலை தானாகவே பிறந்துவிடும் என்று எண்ணிக்கொள்கின்றனர். விதை விழுந்தால் முளை வருவதுபோல, கண்ணீர் விழுந்தால் கவிதை வரும் என்பது அவர்கள் கருத்து. இஃது உண்மைதானா?

முனிவர் கண்டது பறவையின் துயரம். சாவு தம் வீட்டு வாயிலிலேயே வந்து நின்றால் ஒருவர் என்ன செய்வார்? நம் தமிழிலக்கணம் இதற்கு வேறொரு சொல்லை வைத்திருக்கிறது. உயிரினும் இனியவரை இழந்தோர் புலம்பிப் பாடும் துறைக்குக் ‘கையறுநிலை’ என்பது பெயர். கையற்ற நிலை, அதாவது செயலற்றுப்போன நிலை என்பது அதன் பொருள். அப்பெயரை இட்ட சான்றோர் மனித உள்ளத்தை நன்கு அறிந்தவர்கள். ஆழ்ந்த துயரம் கண்ணை நனைப்பதற்கு முன்பே கையைக் கட்டிப்போட்டுவிடுகிறது. ஓவியனுக்கும் சிற்பிக்கும் கையே கருவி. அந்தக் கையே அற்றுப்போனபின் கலை எங்கிருந்து வரும்? எவ்வாறு வரும்? எத்தனை காலம் சென்று வரும்?

இவ்வினாக்களுக்கு ஏட்டில் விடை தேடுவதைவிட ஒரு வாழ்க்கையில் தேடுவது நலம். ஜெர்மனி நாட்டில் வாழ்ந்த கேத்தே கோல்விட்ஸ் என்னும் அம்மையாரின் வாழ்க்கை அதற்கு ஏற்றது. போரில் இறந்த தம் இளைய மகனுக்கு ஒரு நினைவுச் சின்னம் அமைக்க அவர் எண்ணினார். எண்ணிய ஆண்டு 1914. சின்னம் நிலைபெற்ற ஆண்டு 1932. இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றையே இப்போது நாம் காணப்போகிறோம்.

அம்மையார் 1867-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் கேனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தார். அந்நகரம் அப்போது கிழக்குப் பிரஷியாவைச் சேர்ந்தது. இன்று கலினின்கிராட் என்ற பெயரோடு ருஷ்ய நாட்டில் உள்ளது. தந்தையார் சட்டம் பயின்றிருந்தும் கட்டடத் தொழிலை மேற்கொண்டவர். பாட்டனார் அரசாங்கத் திருச்சபையிலிருந்து நீக்கப்பட்டு, தனிச் சபை ஒன்றை நிறுவிய சமயப் பெரியார். மனச்சான்றுக்கு மாறாக நடத்தலாகாது என்பது அக்குடும்பத்தின் வழக்கம்.

அவ்வீட்டில் சாவும் புதிய விருந்தாளி அன்று. தாயார் சிறு குழந்தைகளைப் பறிகொடுத்தவர். கேத்தே சிறுமியாக இருந்தபோது பெஞ்சமின் என்னும் தம்பி நோயுற்றான். ஒரு நாள் அனைவரும் உணவுக்கு அமர்ந்திருந்தனர். தாயார் சூப்பை முகந்து பரிமாறிக்கொண்டிருந்தார். அப்போது செவிலி கதவைத் திறந்து, குழந்தைக்கு மீண்டும் வாந்தி கண்டிருப்பதாகக் கூவினாள். தாயார் ஒரு கணம் அசைவற்று நின்றார். பிறகு பரிமாறும் வேலையைத் தொடர்ந்தார். பிள்ளைகளின் முன் அழுவதில்லை என்று அவர் உறுதி கொண்டிருந்ததைச் சிறுமி கேத்தே கண்டுகொண்டாள். முதுமையிலும் அம்மையார் அக்காட்சியை மறக்கவில்லை. அகப்பை பிடித்த அந்தக் கை ஒரு கணம் நின்று மீண்டும் இயங்கியதே, அதுதான் அவர் பெற்ற முதற் பாடம் என்று கூறலாம்.

1891-இல் அவர் கார்ல் கோல்விட்ஸ் என்னும் மருத்துவரை மணந்தார். கணவர் பெர்லின் நகரில் ஏழைத் தொழிலாளர் நிறைந்த பகுதியில் மருத்துவம் செய்துவந்தார். கணவரை நாடிவந்த நோயாளிகளையும், அவர்கள் மனைவியரையும், பசித்த குழந்தைகளையும் அம்மையார் நாள்தோறும் கண்டார். அவர்களே அவருடைய ஓவியங்களில் வாழ்வு பெற்றனர். நெசவாளர் கிளர்ச்சியைப் பொருளாகக் கொண்டு 1893 முதல் 1897 வரை அவர் ஆக்கிய ஆறு படங்கள் 1898-இல் பெர்லின் கண்காட்சியில் வைக்கப்பட்டன. அதற்குப் பொற்பதக்கம் வழங்கலாம் என்று முதுபெரும் ஓவியர் மென்சல் பரிந்துரைத்தார். பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் இசையவில்லை. பதக்கம் கிட்டாவிடினும் புகழ் கிட்டியது.

ஹான்ஸ், பீட்டர் என இரு மைந்தர் அவருக்குப் பிறந்தனர். 1903-ஆம் ஆண்டு, ‘இறந்த குழந்தையுடன் பெண்’ என்னும் படத்தை அவர் ‘எச்சிங்’ முறையில் ஆக்கினார். மெழுகு பூசிய உலோகத் தகட்டில் ஊசியால் கீறி, தகட்டைத் திராவகத்தில் இட்டு, அரிக்கப்பட்ட கோடுகளில் மை நிரப்பித் தாளில் பதிக்கும் முறை அது. இறந்த மகவைத் தாய் ஒருத்தி தன் உடலோடு சேர்த்து இறுகத் தழுவி, அதன் மார்பில் முகம் புதைத்திருக்கும் கோலத்தை அப்படம் காட்டும். இதனை வரைவதற்கு அம்மையார் ஏழு வயதுப் பீட்டரைத் தம் கையில் ஏந்திக்கொண்டு, கண்ணாடி முன் இருந்து தம் உருவத்தையே பார்த்து வரைந்தார். சிறுவனின் பாரத்தைத் தாங்கமாட்டாமல் அவர் முனகியபோது, பேசாதிருக்கும்படியும் படம் மிக அழகாக வரும் என்றும் அப்பிள்ளை தாய்க்குத் தேறுதல் கூறினானாம்.

மாணவ நண்பர்களே! இங்கே ஒன்றை நாம் கருதிப் பார்த்தல் வேண்டும். மகனை இழந்த தாயின் துயரை அம்மையார் மிக ஆற்றலோடு தீட்டிக்காட்டிய காலத்தில் அவருடைய மகன் உயிரோடிருந்தான். பதினோராண்டுகள் கழித்தே அவன் இறந்தான். ஆகவே, துயரத்தை வரைவதற்குத் துயருற்றே ஆகவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. பிறர் துயரைத் தம் துயராக எண்ணும் உள்ளமும் பழகிய கையும் இருந்தால் போதும். துயரம் உண்மையிலேயே வந்தபோது அக்கை பெற்றது வலிமையன்று, தளர்ச்சியே.

1914-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் உலகப்போர் மூண்டது. ஜெர்மனியின் இளைஞர்கள் கல்விக்கூடங்களை விட்டுப் பாடிக்கொண்டு படையில் சேர்ந்தனர். பீட்டருக்கு அப்போது வயது பதினெட்டு. தன் விருப்பப்படி படையிற்சேர அவ்வயது போதாது. தந்தையின் இசைவு வேண்டும். தந்தையார் மறுத்தார். நாட்டுக்கு இன்னும் அவன் தேவைப்படவில்லை என்று வாதிட்டார். மகன் ஒன்றும் பேசாமல் தாயை நோக்கினான். அந்த நோக்கின் பொருள் தாய்க்குப் புரிந்தது. அவர் எழுந்து, மகனுக்காகக் கணவரிடம் பரிந்து பேசினார். தந்தையார் இசைந்தார். அக்டோபர் மாதம் பீட்டர் பெல்ஜியப் போர்முனைக்குச் சென்றான். அம்மாதம் முடிவதற்குள்ளேயே, அவன் குண்டுபட்டு இறந்தான் என்ற செய்தி பெர்லின் வீட்டை அடைந்தது.

பிள்ளையைப் பறிகொடுத்த தாயர் உலகில் எண்ணிறந்தவர். ஆனால் இத்தாயின் துயருக்குள் மற்றொரு முள்ளும் இருந்தது. மகனை அனுப்பிவைத்தவர் அவரே. கணவர் தடுத்தார், தாம் தடுக்கவில்லை. இந்த நினைவு அவரை விட்டு ஒருபோதும் அகலவில்லை.

1914 டிசம்பர் மாதத் தொடக்கத்தில் அவர் தம் நாட்குறிப்பில் ஒரு திட்டத்தை எழுதினார். பீட்டருக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்புதல் வேண்டும். பீட்டரின் உருவம் நீட்டிப் படுத்திருக்கும்; தலைமாட்டில் தந்தை; கால்மாட்டில் தாய். ஹாவெல் ஆற்றை நோக்கிய ஒரு மேட்டில் அது நிற்றல் வேண்டும். நாட்டுக்காக உயிர் கொடுத்த இளந்தொண்டர் அனைவருக்கும் அஃது உரியதாதல் வேண்டும். இதுவே அவர் முதலிற் கண்ட கனவு.

வேலை தொடங்கியது. ஆனால் கை ஓடவில்லை. சிற்பி முதலில் குழைத்த களிமண்ணில் உருவத்தை அமைப்பார். மண் காய்ந்தால் வெடித்துவிடும். ஆகையால் வேலை நடவாத நேரமெல்லாம் ஈரத்துணி போர்த்திவைத்தல் வேண்டும். நாளும் துணியை நீக்க வேண்டும். நேற்றுச் செய்ததை இன்று புதுக்கண்ணோடு பார்க்க வேண்டும். பிழையானதை அழிக்க வேண்டும். அம்மையார் துணியை நீக்கியபோதெல்லாம் எதிரே கண்டது இறந்த மகனின் உருவம். வீட்டிலோ பீட்டரின் அறை அவன் விட்டுச்சென்றபடியே இருந்தது. அங்கே சென்று அமர்ந்து அவனோடு உள்ளத்தால் உரையாடுவதும், மலர்கள் வைப்பதும் அவர் வழக்கமாயின. சிலநாள் வேலை நன்கு நடக்கும். பலநாள் நடவாது. செய்தவர் துயருற்றவர் என்பதற்காகக் களிமண் இரக்கம் காட்டுவதில்லை. தவறான தோள் தவறான தோளாகவே இருக்கும்.

கை தளர்ந்ததற்குத் துயரம் மட்டுமே காரணம் அன்று. கருத்தும் ஒரு காரணம். மகன் நாட்டுக்காக உயிர் கொடுத்தான், அவன் சாவு பொருளுள்ளது என்று நம்பியே தாய் அவனை அனுப்பினார். ஆண்டுகள் செல்லச் செல்ல, இலட்சக்கணக்கான இளைஞர் இருபுறத்தும் மடியக் கண்டபோது அந்நம்பிக்கை ஆட்டம் கண்டது. போர் வீண் என்று ஒப்புக்கொண்டால், மகன் வீணாக இறந்தான் என்றும் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். அஃது அவனுக்கு இழைக்கும் துரோகம் ஆகாதா? போர் சரியானதே என்று சொன்னால், தாம் கண்ட உண்மைக்குத் துரோகம் ஆகாதா? மகனிடத்து அன்பு ஒருபுறம் இழுத்தது; உண்மையிடத்து அன்பு மறுபுறம் இழுத்தது. இரண்டுக்கும் நடுவே நின்ற கை எதைச் செதுக்கும்? பெருமையைச் செதுக்குமா, பிழையைச் செதுக்குமா?

1918-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். ஜெர்மனியின் தோல்வி உறுதியாகிவிட்டது. அந்நிலையிலும் ரிச்சர்டு டேமல் என்னும் புகழ்பெற்ற கவிஞர், எஞ்சிய ஆடவரெல்லாம் போர்முனைக்கு வருக என்று அறைகூவல் விடுத்தார். அம்மையார் அதற்குப் பத்திரிகையில் மறுப்பு எழுதினார். இறந்தவர் போதும், இனி ஒருவரும் விழுதல் ஆகாது என்பது அவர் வாதம். விதைக்கென்று வைத்ததை மாவாக அரைக்கலாகாது என்னும் கருத்தமைந்த கெத்தேயின் வாசகத்தைத் துணைக்கு அழைத்துக் கடிதத்தை முடித்தார். பஞ்சகாலத்திலும் விதைநெல்லில் கை வைக்காத உழவர் மரபில் வந்த நமக்கு இவ்வாசகத்தின் ஆழம் விளக்காமலே விளங்கும். நான்காண்டுகளுக்கு முன் மகனை அனுப்பிவைத்த தாய், இப்போது பிறர் மக்களை அனுப்பலாகாது என்று நாடறியச் சொன்னார். முன்னர்த் தாம் செய்த பிழையை ஒப்புக்கொள்ளாமல் இதனைச் சொல்லியிருக்க முடியாது.

மறு ஆண்டு, 1919-இல், பிரஷியக் கலைக்கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அப்பேறு பெற்ற முதற் பெண்மணி அவரே. அதே ஆண்டில்தான் அவர் மகனின் நினைவுச் சின்ன வேலையை நிறுத்திவிட்டார். உலகம் மாலை சூட்டிய ஆண்டில் அவர் உள்ளம் தோல்வியை ஏற்றுக்கொண்டது. ஆயினும் மீண்டும் ஒரு நாள் அதனைத் தொடங்குவேன் என்னும் உறுதியை அவர் கைவிடவில்லை.

அப்படியானால் அவர் சும்மா இருந்தாரா? இல்லை. ஒரு வழி அடைபட்டபோது வேறு வழி தேடினார். 1920-இல் எர்ன்ஸ்ட் பார்லாக் என்னும் கலைஞரின் மரச்செதுக்குப் படங்களைக் கண்டார். தமக்கு வேண்டிய கருவி இதுவே என்று உணர்ந்தார். மரச்செதுக்கில் நுட்பமான நிழல்களுக்கு இடமில்லை. பலகையில் வெட்டி எறிந்த இடம் தாளில் வெண்மையாகும். விட்டுவைத்த இடம் கருமையாகும். ஒருமுறை வெட்டியதை மீண்டும் ஒட்டவைக்க முடியாது. ஐம்பதைக் கடந்தபின் அம்மையார் இப்புதிய கலையைத் தொடக்கநிலை மாணவியைப்போல் பயின்றார்.

1921, 1922-ஆம் ஆண்டுகளில் அவர் ஆக்கிய மரச்செதுக்குகள் ‘போர்’ என்னும் பெயரால் ஏழு படங்கள் கொண்ட தொகுதியாயின. அதில் துப்பாக்கி இல்லை, பீரங்கி இல்லை, படைத்தலைவர் இல்லை. முதற் படத்தில் தாய் தன் பச்சிளங் குழவியைப் பலியாக ஏந்தி நீட்டுகிறாள். இரண்டாம் படத்தில் சாவு பறை கொட்டி முன்செல்ல, இளைஞர்கள் மயங்கியவர்போல் அதன் பின்னே செல்கின்றனர். சாவுக்கு மிக அருகில் செல்பவன் பீட்டர். மூன்றாம் படத்தில் பெற்றோர் இருவரும் முழந்தாளிட்டு, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, ஒரே கருமலையாகக் குவிந்திருக்கின்றனர். அடுத்து வருவோர் கைம்பெண்கள், தாய்மார்கள், மக்கள். சிற்பத்தில் சொல்ல இயலாதிருந்த உண்மை மரப்பலகையில் சொல்லப்பட்டுவிட்டது. மகன் தன் விருப்பப்படியே சென்றான் என்பதும் மெய். சாவு அவனை ஏமாற்றி அழைத்துச் சென்றது என்பதும் மெய். தாய் அவனைத் தன் கையாலேயே கொடுத்தாள் என்பதும் மெய். மூன்றும் ஒரே தொகுதியில் அடுத்தடுத்து நின்றன.

இவ்வாறு உள்ளம் தெளிந்த பின்னரே கை மீண்டும் சிற்பத்துக்குத் திரும்பியது. 1926-ஆம் ஆண்டு கோடையில் கணவனும் மனைவியும் பெல்ஜியத்தில் ரோகவெல்ட என்னுமிடத்தில் இருந்த போர்வீரர் கல்லறைத் தோட்டத்திற்குச் சென்றனர். வரிசை வரிசையாகச் சிறு சிலுவைகள் நின்றன. மகன் புதைக்கப்பட்ட இடத்தைக் கண்டுபிடித்து, அருகே புதரில் பூத்திருந்த காட்டு ரோஜா மலர்களைப் பறித்து வைத்தனர். பிறகு சிலைகளை எங்கே வைப்பது என்று ஆராய்ந்தனர். கல்லறைகளின் நடுவே வைப்பதைவிட, தோட்டம் முழுவதும் சிலைகளின் பார்வையில் அமையுமாறு ஓர் எல்லையில் வைப்பதே தகும் என்னும் முடிவுக்கு வந்தனர். தம் மகனைத் தேடிப்போன தாயின் கண்ணில் மற்ற மைந்தர்களின் சிலுவைகளும் பட்டன என்பதை இம்முடிவு காட்டுகிறது.

முதல் திட்டம் இப்போது முற்றும் மாறிவிட்டது. நீட்டிப் படுத்திருந்த மகனின் உருவம் நீங்கிற்று. எவனுக்காகச் சின்னம் எழுப்பத் தொடங்கினாரோ அவனே சின்னத்தில் இல்லை! தந்தையும் தாயும் மட்டுமே எஞ்சினர். தந்தை நிமிர்ந்து முழந்தாளிட்டிருக்கிறார். கைகளைக் குறுக்கே மடக்கித் தம் உடலைத் தாமே இறுகப் பற்றியிருக்கிறார். தாய் போர்வை போர்த்தி, முதுகு வளைந்து, தலை கவிழ்ந்து முழந்தாளிட்டிருக்கிறார். மரச்செதுக்கில் ஒருவரையொருவர் தழுவியிருந்தவர்கள், கல்லில் தனித்தனிப் பீடங்களில் இருக்கின்றனர், நடுவே இடைவெளி. ஒரே வீட்டில் ஒரே இழப்பு நேர்ந்தாலும் அவரவர் பங்கை அவரவரே தாங்குதல் வேண்டும் என்பதை அந்த இடைவெளி உணர்த்துகிறது. இளந்தொண்டரின் வீரத்தைப் பாட எழுந்த சின்னம், முதியோர் இளையோர் முன் மண்டியிடும் சின்னமாயிற்று. அவர்கள் மன்னிப்பு வேண்டி இருக்கின்றனர் என்றே பார்ப்போர் பலரும் கருதுவர்.

1931-இல் இவ்வுருவங்களின் பிளாஸ்டர் வார்ப்புகள் கலைக்கழகக் கண்காட்சியில் வைக்கப்பட்டன. பிறகு வேறு இரு சிற்பியர் அவற்றைப் பார்த்துக் கருங்கல்லில் வடித்தனர். 1932 ஜூலையில் சிலைகள் ரோகவெல்டக் கல்லறைத் தோட்டத்தில் நிறுத்தப்பட்டன. அம்மையார் தாயின் சிலை அருகே சென்றார். அதன் முகம் அவருடைய முகமே. அதைப் பார்த்து அழுதார். கல்லின் கன்னத்தைத் தம் கையால் தடவிக் கொடுத்தார். கார்ல் அவர் பின்னே நின்றிருந்தார். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின்னும் கண்ணீர் வற்றவில்லை என்பதை நீங்கள் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். கலை துயரத்தைத் துடைத்துவிடவில்லை. அழுகின்ற தாய் இருவரானார்; ஒருவர் சதை, மற்றவர் கல். ஒருவரை ஒருவர் தேற்றக்கூடிய நிலைமை வந்தது. அவ்வளவே கலையால் இயன்றது. அஃது எளிய செயலா?

பின்வந்த ஆண்டுகள் இன்னும் கொடியவை. 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், அவரை எதிர்க்கும் அறிக்கையில் கையெழுத்திட்ட காரணத்தால் அம்மையார் கலைக்கழகத்தை விட்டு விலகுமாறு செய்யப்பட்டார். அவர் படைப்புகளைக் காட்சிக்கு வைக்கும் வாய்ப்புகள் அடைபட்டன. ஆயினும் கை நிற்கவில்லை. 1937, 1938-ஆம் ஆண்டுகளில், இறந்த மகனை மடியிலும் முழங்கால்களுக்கிடையிலும் தாங்கி அமர்ந்த ஒரு முதிய தாயின் சிறு சிலையை உருவாக்கினார். பெரிய சின்னத்தில் இடம்பெறாத மகன், இருபத்துமூன்று ஆண்டுகள் கழித்துத் தாயின் மடிக்கு வந்து சேர்ந்தான் என்னலாம்.

1940-இல் கணவர் மறைந்தார். இரண்டாம் உலகப்போர் மூண்டு இளைஞர்களை மீண்டும் விழுங்கியது. 1941-42-இல் அவர் தம் கடைசி லித்தோகிராப் படத்தை வரைந்தார். கற்பாளத்தில் வரைந்து தாளில் பதிக்கும் முறை அது. கோழி தன் குஞ்சுகளை மூடுவதுபோல, முதிய தாய் ஒருத்தி மூன்று சிறுவரைத் தன் மேலங்கிக்குள் வைத்துக் கைகளால் அணைத்து மறைக்கிறாள். பிள்ளைகள் வெளியே எட்டிப் பார்க்கின்றனர். அவளோ விடுவதாக இல்லை. 1918-ஆம் ஆண்டுக் கடிதத்தில் எடுத்தாண்ட அதே விதை வாசகத்தையே இப்படத்திற்குப் பெயராக இட்டார். 1914-இல் வாயிலைத் திறந்துவிட்ட கை, இப்போது வாயிலை அடைத்து நின்றது. அப்படியும் விதி இரங்கவில்லை. மூத்த மகன் ஹான்ஸ் தன் தம்பியின் நினைவாகப் பீட்டர் என்று பெயரிட்டு வளர்த்த பிள்ளை 1942-இல் ருஷ்யப் போர்முனையில் மாண்டான். 1943-இல் பெர்லின் வீடு குண்டு வீச்சில் அழிந்தது. அதனோடு படைப்புகள் பலவும் அழிந்தன. 1945 ஏப்ரல் 22-ஆம் நாள், ஐரோப்பாவில் போர் முடிவதற்கு இரு வாரங்களே இருந்தபோது, டிரெஸ்டன் அருகே மோரிட்ஸ்பர்க் என்னும் ஊரில் அம்மையார் உயிர் நீத்தார்.

அச்சிலைகள் அழியவில்லை. 1950-ஆம் ஆண்டுகளின் நடுவில் சிறு கல்லறைத் தோட்டங்கள் பலவற்றை ஒன்றாக்கியபோது, பீட்டரின் எச்சங்களும் பெற்றோர் சிலைகளும் அருகிலுள்ள விலாட்ஸ்லோ என்னும் ஊருக்கு மாற்றப்பட்டன. இருபத்தையாயிரத்துக்கு மேற்பட்ட ஜெர்மானிய வீரர்கள் அங்கே துயில்கின்றனர். தரையோடு பதித்த ஒவ்வொரு கல்லிலும் பல வீரர்களின் பெயர்கள் உள்ளன. தந்தை சிலையின் எதிரே உள்ள கல்லில், மற்றப் பெயர்களுக்கு நடுவே, பீட்டர் கோல்விட்ஸ் என்னும் பெயரும் உள்ளது. தேடினால்தான் தென்படும். பெர்லின் நகரில், போராலும் கொடுங்கோன்மையாலும் மடிந்தோருக்கான நினைவு மண்டபத்தில், மகனைத் தாங்கிய தாயின் சிறு சிலையைப் பெரிதாக்கி 1993-இல் நிறுவினர். மேற்கூரையில் திறந்த வட்டம் ஒன்று உண்டு. மழையும் பனியும் அத்தாயின்மேல் விழுகின்றன.

இவ்வரலாற்றால் நாம் அறிவது யாது? துயரம் கலையைத் தருவதில்லை. துயரம் தருவது கையற்ற நிலையையே. அந்நிலையிலும் நாள்தோறும் ஈரத்துணியை நீக்கி, நேற்றைய பிழையைப் பார்க்கத் துணிபவருக்கே கலை கைகூடுகிறது. நிறுத்துவது தோல்வியன்று, ஒரு வழி அடைபட்டால் வேறு வழியில் நடந்து, காலம் வரும்போது திரும்பி வரலாம். தம்மைத் தாமே ஏமாற்றிக்கொண்டிருக்கும் வரையில் உளி சரியான இடத்தில் விழுவதில்லை. அம்மையார் தம் பிழையை ஏற்றுக்கொண்ட பின்னரே சிலை முடிந்தது. தம் மகனின் உருவத்தை விட்டுக்கொடுத்த பின்னரே அது பிறர் மக்களுக்கும் உரியதாயிற்று.

உங்களில் சிலர் இளமையிலேயே தாயையோ, தந்தையையோ, உடன்பிறந்தாரையோ, உயிர்த்தோழரையோ இழந்திருக்கலாம். அதை உடனே பாட்டாகவும் படமாகவும் ஆக்கவேண்டும் என்று யாரும் உங்களைக் கேட்க உரிமையில்லை. எழுதத் தொடங்கியது பாதியில் நின்றுபோனால் அன்பு குறைவு என்று பொருளும் இல்லை. துணியைப் போர்த்திவையுங்கள், மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கை திரும்பும் நாள் வரும். அன்று செய்யும் வேலை இறந்தவரை மீட்டுத் தராது. ஆனால், முன்பின் அறியாத ஒருவர் தம் துயரோடு வந்து நிற்பதற்கு அது நிழலாகும். விலாட்ஸ்லோவில் முழந்தாளிட்டிருக்கும் அந்த இரு முதியோர் அந்த நிழலைத்தான் இன்றும் தந்துகொண்டிருக்கின்றனர்.